மச்சானின் மருமகனைப் பொதுவில் விட்டேன்

சிவமயம்

ரூ பஜோல், பாரிஸ் 18
ஐப்பசி வெள்ளி, பின்னேரம்

சுண்டுவில் ஐக்கிய விளையாட்டுக் கழகத்தின் பாரிஸ் கிளைத் தலைவரும், என் மனைவி புனிதவதியின் மூத்த தமையனும், இளைய மகள் மிருணாளினியின் பிள்ளைப்பேற்றை முன்னிட்டுத் தற்போது கனடா தேசத்தை அலங்கரித்துக்கொண்டிருப்பவருமாகிய மச்சான் தில்லையம்பலம் அவர்கட்கு, மேற்படி கழகத்தின் தெரிவுக்குழுத் தலைவர் குலவீரசிங்கம் எழுதிக்கொள்வது.

நீர் அங்கு நலம் என்பதை உம்முடைய மனிசி காலையும் மாலையும் முகநூலில் ஏற்றும் படங்களால் அறிந்தோம். நாம் இங்கு நலமில்லை. நலமில்லாததற்குக் காரணம் உம்முடைய மூத்த மருமகன் மதுஷன். இதைப் போனில் சொல்லலாம்தான். ஆனால் உம்முடைய போன் உம்முடைய கையில் இருந்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை. குரல் அனுப்பினால் உம்முடைய மனிசி கேட்பா, அவ கேட்டால் உம்முடைய மூத்த மகள் லக்சிகா கேட்பாள், லக்சிகா கேட்டால் லாச்சப்பல் தமிழ்க்கடைத்தெரு முழுக்கக் கேட்கும். ஆகையால், பழைய அரசர்கள் ஓலை அனுப்பிய மாதிரி, நான் முத்திரை ஒட்டி அனுப்புகிறேன். இது உமக்குக் கிடைக்கும்போது ஞாயிற்றுக்கிழமை கடந்து எல்லாம் முடிந்திருக்கும். உம்மால் ஒன்றும் செய்ய முடியாது. அதுவும் ஒரு காரணம்.

விஷயத்துக்கு வருகிறேன். விமானம் ஏறுமுன் ஊர்க்கழகங்களின் ஒன்றியம் நீட்டிய புதுச்சட்டத்தில் நீர் கையெழுத்து வைத்தீரே, அதை வாசித்தீரோ தெரியாது, நான் வாசித்தேன். இவ்வளவு காலமும் அந்தந்த ஊரான் அந்தந்த ஊர்க் கழகத்துக்குத்தான் விளையாடினான். இப்போது பெடியள் எல்லாம் இங்கேயே பிறந்து, நீ எந்த ஊர் என்று கேட்டால் மெத்ரோ நிலையத்தின் பெயரைச் சொல்கிறார்கள். ஆகையால் இனி ஊர்க்கணக்கு இல்லை. ஒவ்வொரு கழகமும் தனக்குத் தேவையானவர்களைத் தக்கவைத்துக்கொண்டு மிச்சப்பேரைப் பொதுவில் விடவேண்டும். பொதுவில் நிற்பவர்களில் இருந்து கழகங்கள் முறைவைத்து ஒவ்வொருவராகத் தெரிந்தெடுக்கும். போன வருடம் கடைசியாக வந்த கழகத்துக்கு முதல் தெரிவு. அந்தப் பெருமை நமக்கு. அதற்கு முந்திய வருடமும் கடைசி நாம்தான். இந்த வருடமும் கடைசியாக வந்தால், மச்சான், சட்டத்தின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள்: நம்முடைய கழகத்தைக் கலைத்து, பக்கத்து ஊர்க் கழகமாகிய கட்டைப்புலவோடு சேர்த்துவிடுவார்களாம். பெயர் ‘கட்டைப்புலவு – சுண்டுவில்’. அவர்களுடைய பெயர் முன்னுக்கு! ஒரு கிணற்றுக்காகவும் ஒரு பாலத்துக்காகவும் தலைமுறை தலைமுறையாக முகம் பார்க்காத இரண்டு ஊரை ஒரு சட்டைக்குள் போட்டுத் தைக்கப் பார்க்கிறார்கள். அந்தச் சட்டையை நான் போடமாட்டேன். அதற்கு முதல் செய்ன் நதியில் சட்டையில்லாமல் இறங்குவேன். கார்த்திகை மாதத்தில்!

ஆகவே ஞாயிறு நடக்கப்போகும் தெரிவுக்கு முன் அணிக்கு என்ன தேவை என்பதை ஆராயும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பெரிய தொழில்முறைக் கழகங்களுக்கு இதைச் செய்ய டிவியில் கோட்டுப் போட்ட நிபுணர்கள் இருக்கிறார்கள், கண்ணாடிப் பலகையில் அம்புக்குறி போடுகிறார்கள். நாமும் தொழில்முறை அணிதானே, நம்மில் தொழில் இல்லாதவன் ஒருவனைக் காட்டும் பார்ப்போம். எனக்குக் கண்ணாடிப் பலகை இல்லை. குசினி மேசையில் முன்களத்துக்கு வெண்டிக்காய், நடுக்களத்துக்குத் தக்காளி, பின்களத்துக்குக் கத்தரிக்காய் என்று அணியை நிறுத்தி ஆராய்ந்துகொண்டிருந்தேன். போன் வந்து வெளியே போய்த் திரும்பினால் பின்களத்தைக் காணவில்லை. புனிதவதி குழம்பு வைத்துவிட்டா. ‘இவ்வளவு நேரமும் சும்மாதானே கிடந்தது’ என்கிறா. நம்முடைய பின்களத்தைப் பற்றி இதைவிடச் சரியாக எந்த நிபுணரும் சொன்னதில்லை.

முன்களத்தில் சஞ்சீவன். ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் ஒரு உணவகத்துச் சமையல்காரன். மத்தியானப் பந்தி முடித்துவிட்டு நேரே மைதானத்துக்கு வருவான். அவன் வருமுன் வடைவாசம் வரும், எதிரணிக் காவலர்கள் பசியில் அவனை விட்டு விலகவே மாட்டார்கள். காலில் பலம் இருக்கிறது, திசை இல்லை. போன வருடக் கடைசி ஆட்டத்தில் அவன் அடித்த அடி வேலியைத் தாண்டி, தண்டவாளத்தைத் தாண்டி, வடக்கே போய்க்கொண்டிருந்த ரயிலின் கூரையில் விழுந்தது. பெல்ஜியத்தில் யாரோ இறக்கி எடுத்து, அங்கே அதைக் கோல் என்று எழுதிவிட்டார்களாம். நமக்கு எழுதவில்லை.

இடது ஓரத்தில் றூபன். மெத்ரோவில் ரிக்கற் பரிசோதகரைக் கண்டால் அவன் ஓடும் ஓட்டத்தை நீர் பார்த்ததில்லை. லாச்சப்பலில் தொடங்கினால் அடுத்த நிலையமாகிய ஸ்தாலின்கிராட்டில்தான் மூச்சு விடுவான். மைதானத்தில் மட்டும் வயிற்றுப்பிள்ளைத்தாய்ச்சி மாதிரி நடக்கிறான். நான் யோசித்தேன். பயிற்சி நாளில் பரிசோதகர் போடுகிற கரும்பச்சை நிறத்தில் ஒரு கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, கையில் சின்ன மெசினோடு ஓரக்கோட்டில் போய் நின்றேன். என்னைக் கண்டான். அம்மா, என்ன ஓட்டம்! பந்தோடு ஓடினான், மூலைக்கொடியைத் தாண்டினான், வாசலைத் தாண்டினான், வந்த பஸ்ஸில் ஏறிவிட்டான். பந்து இன்னும் திரும்பவில்லை. றூபன் மூன்றாம் நாள் வந்தான்.

நடுக்களத்தில் அந்த அண்ணனும் தம்பியும். ஒரு கலியாண வீட்டில் அண்ணன்காரனுக்கு முதல் பந்தியில் இலை போடவில்லை என்று தொடங்கிய கோபம், அன்றிலிருந்து இருவருக்குமிடையில் பேச்சும் இல்லை, பந்தும் இல்லை. அண்ணன் பந்தை நடுவரிடம் கொடுத்து ‘உவனிட்டைக் குடுங்கோ’ என்கிறான். பிரெஞ்சு நடுவருக்கு என்ன விளங்கும்? விசில் அடிக்கிறார்.

பின்களத்தில் இஞ்ஞாசி அண்ணை. கல்லுச்சுவர் மாதிரி மனிசன், ஆள் தாண்ட முடியாது. ஆனால் பந்தோடு ஒரு பெடியன் வந்தால் முதலில் ஊர் விசாரிக்காமல் இஞ்ஞாசி அண்ணையால் காலை எடுத்து வைக்க முடியாது. போன வருடம் என் கண்முன்னே நடந்தது.

‘தம்பி, நீர் ஆற்றை மோன்?’

‘பாக்கியத்தின்ரை மோன், அங்கிள்.’

‘எந்தப் பாக்கியம்? சங்கக்கடை மனேச்சற்றை பாக்கியமோ?’

‘ஓம் அங்கிள்.’

‘அட கடவுளே! கொம்மாவின்ரை கலியாணத்துக்கு நான்தானடா மாப்பிள்ளைக்காரைக் கழுவினனான்! அம்மா சுகமோ?’

‘சுகம் அங்கிள்’ என்று சொல்லிக்கொண்டே அவன் கோல் அடித்துவிட்டுப் போய்விட்டான். இஞ்ஞாசி அண்ணை கை தட்டினார். கேட்டால், ‘எங்கடை பிள்ளைதானே’ என்கிறார்.

இத்தனையும் இருந்தும், மச்சான், இவர்கள் ஒருவரையும் நான் கைவிடவில்லை. எல்லாரையும் தக்கவைத்துவிட்டேன். பெல்ஜியத்துக்கு அடித்தாலும் அது அடிதான். பஸ்ஸில் ஏறினாலும் ஓட்டம் ஓட்டம்தான். இவற்றோடு ஒரு அணி பிழைக்கலாம். எதோடு பிழைக்க முடியாது என்றால், வாசல் பூட்டாத வீட்டோடு. நம்முடைய வாசலில் நிற்பவர் உம்முடைய மருமகன்.

மதுஷன் தம்பி தங்கமான பிள்ளை. குடி இல்லை, புகை இல்லை, மாமனார் மாமியாரைக் கண்டால் எழும்பி நிற்கிறார். பிரச்சினை என்னவென்றால் பந்தைக் கண்டாலும் அதே மரியாதைதான். கலியாண மண்டப வாசலில் பெண்ணின் தகப்பன் நின்று ‘வாங்கோ, வாங்கோ’ என்று விருந்தாளியை அழைக்கிற மாதிரி இரண்டு கையையும் விரிக்கிறார். பந்தும் அழைப்பைத் தட்டாமல் உள்ளே போகிறது. போனபிறகு திரும்பி வலையிடம் ‘பார்தோன்’ என்று மன்னிப்புக் கேட்கிறார். பந்து வருகிறது என்று காலையில் தந்தி அடித்தால் பின்னேரம் பாய்வார், அதுவும் மற்றப் பக்கம். ஒருமுறை எதிரணி அடிக்கவே இல்லை, காற்றுக்கு உருண்டு வந்தது. அதையும் குனிந்து வழியனுப்பினார். கட்டைப்புலவுக்காரர் அவருக்கு வைத்திருக்கும் பெயர் தெரியுமோ? ‘சுங்கமில்லா எல்லை.’ இது ஐரோப்பாவாம்!

ஆகவே அணியின் தேவை ஒன்றே ஒன்று: ஒரு கோல்காப்பாளர். அந்தக் கோல்காப்பாளரை நான் கண்டுபிடித்துவிட்டேன். எங்கே என்று கேளும். நம்முடைய பிள்ளையார் தேரன்று, இதே ரூ பஜோல் தெருவில்!

தேர் வருமுன் தெருவெல்லாம் தேங்காயைக் குவித்துவைத்து அடிப்பார்களே, அந்த இடத்தில் நின்றேன். ஒரு தடியன், போன வருடக் கோபத்தையெல்லாம் சேர்த்து ஒரு தேங்காயை நிலத்தில் அறைந்தான். பாதி மூடி துள்ளி, துவக்குச் சன்னம் மாதிரிப் பறந்து, ஒரு வெள்ளைக்காரத் தாய் தள்ளிக்கொண்டு வந்த பிள்ளை வண்டிலுக்கு நேரே போகிறது. சனம் ‘ஐயோ’ என்கிறது. அப்போது சுவரோரம் ஒரு கையில் சர்பத்தோடு நின்ற ஒரு நெடும்பெடியன், சர்பத் ஒரு துளி சிந்தாமல், மற்றக் கையால் அந்த மூடியைக் காற்றிலே பிடித்தான். பிடித்துவிட்டுப் பிள்ளைக்குச் சிரிப்புக் காட்டினான். நான் நம்பவில்லை. வேண்டுமென்றே ஒரு தேங்காய் வாங்கி அவன் பக்கமாகச் சாய்த்து அடித்தேன். பிடித்தான். இன்னொன்று. அதையும் பிடித்தான். கடைசியில் அன்று ரூ பஜோலில் சிதறிய தேங்காயில் பாதி தெருவில் விழவே இல்லை, அவன் கையில்தான் இருந்தது. சனம் அவனைக் கோயில் ஊழியன் என்று நினைத்துத் தேங்காய்த்துண்டுக்கு வரிசையில் நின்றது!

பெயர் கிரிகோரி. புதுச்சேரிப் பிள்ளை, வேதக்காரன், சும்மா தேர் பார்க்க வந்தவன். விடுவேனோ? அடுத்த நாளே ரூ காய் கடைத்தெருவில் ஒரு பெட்டி பால்கோவா வாங்கிக்கொண்டு தகப்பன் ரேமண்டின் வீட்டுக்குப் போனேன். அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்ற பெரிய மனிசன், கதவைத் திறந்து என் பெட்டியைப் பார்த்தார்.

‘வாங்க மிஸ்யே. பொண்ணு கேட்டு வந்தீங்களா? எங்களுக்குப் பையன்தான் இருக்கான்.’

‘அவனைத்தான் கேட்டு வந்தனான்’ என்றேன்.

விளங்கப்படுத்திச் சொன்னபிறகு மனிசன் சோபாவில் விழுந்து சிரித்தார். ‘அவன் சின்னதுலேர்ந்தே அப்படித்தான். வீட்ல ஒரு தட்டு ஒடஞ்சது கெடையாது, கீழ விழறதுக்குள்ள புடிச்சிடுவான். ஆனா மிஸ்யே, உங்களது ஊர்க் கழகமாச்சே. எங்களை எப்படிச் சேத்துப்பீங்க?’

‘கடலுக்கு அந்தப் பக்கம் உங்கடை ஊர், இந்தப் பக்கம் எங்கடை ஊர். இடையிலை கிடக்கிறது கொஞ்சத் தண்ணிதானே?’ என்றேன். கிரிகோரி பொதுப்பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை முதல் தெரிவு நம்முடையது. மிச்சம் நீரே கூட்டிப்பாரும்.

இப்போது வருகிறது நான் செய்த காரியம். சாய்ந்திருந்தால் நிமிர்ந்து இரும். நிமிர்ந்திருந்தால் சாயும். தக்கவைப்போரின் பெயர்களை ஒன்றியத்துக்கு அனுப்பிய நான், உம்முடைய மருமகனின் பெயரை எழுதவில்லை. பொதுவில் விட்டுவிட்டேன். ஓம், நான்தான். பேனையும் என்னுடையது, கையும் என்னுடையது.

வீட்டில் பூகம்பம். புனிதவதி அகப்பையோடு வந்து நின்றா.

‘என்ரை அண்ணன்ரை மருமோனைப் பொதுவிலை விட்டனீங்களாம்?’

‘கழகத்தின்ரை நன்மைக்கு.’

‘சரி. அப்ப நானும் வீட்டின்ரை நன்மைக்கு உங்களைப் பொதுவிலை விடுறன். ஆர் எடுக்கினம் எண்டு பாப்பம்.’

‘எடுக்க ஆயிரம் பேர் நிப்பினம்’ என்றேன். அன்றிலிருந்து சோபாவில் படுக்கிறேன். இதுவரை ஒருவரும் எடுக்கவில்லை. ஆனாலும் பணியவில்லை. கத்தரிக்காய்க் குழம்பு நிற்பாட்டப்பட்டுள்ளது. பணியவில்லை. தேத்தண்ணிக்குச் சீனி வருவதில்லை. பணியவில்லை.

நீர் கோபிப்பீர் என்று தெரியும். குடும்பத்துக்குள் பகை வரும், லக்சிகா என்னை மாமா என்று கூப்பிடமாட்டாள், இனி உம்முடைய வீட்டு நல்லது கெட்டதுக்கு எனக்கு அழைப்பு வராது என்றெல்லாம் எழுதுவீர். எழுதும். மதுஷனுக்கு மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் அவமானம் என்பீர். மண்டபத்தில் ஒருநாள் அவமானமா, மைதானத்தில் கிழமைக்குக் கிழமை அவமானமா? உம்முடைய மருமகன் ஒருவர் வாசலில் நிற்பதற்காக ஒரு ஊரின் பெயரைக் கட்டைப்புலவின் வாலில் கட்டிவிட நான் சம்மதியேன். நீர் என்னைத் தெரிவுக்குழுவில் இருந்து நீக்கினால் நான் வாசலில் படுப்பேன். கழகத்தில் இருந்தே நீக்கினால் தனிக்கழகம் தொடங்குவேன். ஒரே ஒரு ஆள் போதும், கிரிகோரி போதும், பதினொரு பேரும் அவன்தான். ஞாயிற்றுக்கிழமை ஒன்றியத்தார் ‘சுண்டுவில், முதல் தெரிவு’ என்று ஒலிபெருக்கியில் கூப்பிடும்போது, நான் எழுந்து, தொண்டையைச் செருமி, எய்பல் கோபுரத்தில் நிற்கிறவனுக்கும் கேட்கும்படி ‘கிரிகோரி’ என்று சொல்வேன். வானம் இடிந்தாலும் சொல்வேன். நீரே பிளேன் பிடித்து வந்து காலில் விழுந்தாலும், உம்மைத் தாண்டி நின்று சொல்வேன்.

மிருணாளினிக்கு என் அன்பு. பிறக்கப்போகும் பேரப்பிள்ளை தாயைப்போல் அழகோடும், உம்மைப்போல் ஆயுளோடும், தகப்பன் வழியில் யாரையாவது போல் பெரிய உள்ளங்கையோடும் பிறக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். உம்முடைய மனிசிக்கு என் வணக்கத்தைச் சொல்லும், இக்கடிதத்தைச் சொல்லாதேயும்.

பணியாத மச்சான்,
க. குலவீரசிங்கம்

பி.கு.: இன்று செவ்வாய். வெள்ளிக்கிழமை எழுதிய இக்கடிதத்தைத் தபாலில் போட மறந்து, கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டே ஞாயிறு மண்டபத்துக்குப் போய்விட்டேன். நடந்ததை நீர் நேரலையில் பார்த்தீராம். பார்த்தது பாதிதான். மிச்சத்தையும் கேளும்.

தெரிந்தெடுக்கப்படுகிறவரை அந்தந்தக் கழகம் மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்ப்பது என்று ஒன்றியத்தார் வைத்திருந்தார்கள். நானும் ரூ காயில் கிரிகோரிக்கென்று அரக்குச் சிவப்பில், கரை வைத்த, ஒரு ராசாவுக்குப் போர்க்கக்கூடிய பொன்னாடை வாங்கிக் கையில் வைத்திருந்தேன். உள்ளே போனால் முன்வரிசையில் உம்முடைய மருமகன், கலியாணத்துக்குக் கட்டிய அதே பட்டுவேட்டியோடு! பக்கத்தில் லக்சிகா, மடியில் வெற்றிலைத் தட்டம், முன்னால் கமெராக்காரன், பின்னால் இரண்டு பெட்டி பயற்றம்பணியாரம். என்னைக் கண்டதும் எழும்பி ஓடி வந்தாள்.

‘மாமா, இவரை ஏன் பொதுவிலை விட்டனீங்கள் எண்டு எங்களுக்கு விளங்கிட்டுது! தக்கவைச்சால் பேரை மட்டும் வாசிச்சு விட்டிடுவினம். முதல் ஆளா எடுத்தாத்தானே மேடையிலை பொன்னாடை! இவர் சந்தோசத்திலை நித்திரையே இல்லை மாமா.’

மதுஷன் தம்பி குனிந்துகொண்டு, ‘மாமா, எனக்கு இவ்வளவு மரியாதை தேவையோ தெரியேல்லை. ஒருத்தரும் இப்பிடி என்னை... நல்லா விளையாடுவன் மாமா’ என்றார். கண் கலங்கியிருந்தது. புனிதவதி பக்கத்தில் நின்று கூரையைப் பார்த்தா. அவவுக்கு எல்லாம் தெரியும். சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு நின்றா.

‘சுண்டுவில், முதல் தெரிவு!’

எழுந்தேன். தொண்டையைச் செருமினேன். பின்சுவரில் சாய்ந்தபடி கிரிகோரி எனக்குக் கை காட்டினான். கோட்டுப் பைக்குள் இந்தக் கடிதம் நெஞ்சில் இடித்தது. வாயைத் திறந்தேன். வாய் என்னுடையது, வந்த பெயர் மதுஷன்.

அடுத்த தெரிவு கட்டைப்புலவு. யாரை எடுத்தார்கள் என்று உமக்குச் சொல்லத் தேவையில்லை.

அன்றிரவே நீர் போன் எடுத்து, ‘மச்சான், நீர் பெரிய மனிசன், நான் அழுதிட்டன்’ என்றீர். புனிதவதி சோபாவில் இருந்து என்னை மீண்டும் எடுத்துக்கொண்டா, பொன்னாடை இல்லாமல். எல்லாரும் என்னைப் புகழ்கிறார்கள். என்னால் தாங்கமுடியவில்லை. அதனால்தான் இக்கடிதத்தை ஒரு எழுத்தும் மாற்றாமல் இப்போது தபாலில் போடுகிறேன். உண்மை ஒரு ஆளுக்காவது தெரிந்திருக்கவேண்டும். வாசித்ததும் கிழித்துவிடும். மதுஷன் தம்பிக்கு மட்டும் ஒருநாளும் தெரியவேண்டாம்.

நேரலையில் நீர் பார்க்காத இடமொன்று உண்டு, அப்போது கமெராக்காரன் பணியாரப் பெட்டிப் பக்கம் திரும்பிவிட்டான். நான் மேடையில் உணர்ச்சிவசப்பட்டு, பொன்னாடையைப் போர்க்காமல், இரண்டு அடி தூரத்தில் இருந்து மெதுவாக அவர் பக்கம் வீசினேன். பூப்போலப் போனது. மதுஷன் தம்பி சிரித்துக்கொண்டு இரண்டு கையையும் விரித்தார், ‘வாங்கோ, வாங்கோ’ என்கிற மாதிரி. பொன்னாடை இரண்டு கைக்கும் நடுவால் போய் நிலத்தில் விழுந்தது. குனிந்து அதனிடம் ‘பார்தோன்’ என்றார்.

முதல் ஆட்டம் கட்டைப்புலவோடு. அணியின் தேவை: ஒரு கோல்காப்பாளர். மேலே எழுதியதில் ஒரு சொல்லும் மாற்றமில்லை.